ஒன்றை ஒன்று மிஞ்சும்போது ஆங்கிலத்தில் எந்தச் சொல்? அவுட்வெய் முதல் டாமினேட் வரை முழுமையான வழிகாட்டி

‘நன்மைகளே அதிகம்’, ‘இந்தச் சட்டமே செல்லும்’, ‘அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது’, ‘புளிப்பு தூக்கலாக இருக்கிறது’. தமிழில் இந்த நான்கையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. அதே ஆட்கள் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நான்குக்கும் ‘டாமினேட்’ என்று போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பரீட்சைப் பயிற்சி எடுத்தவர்கள் என்றால் ‘அவுட்வெய்’.

அலுவலக அறிக்கை, ஒப்பந்த வரைவு, ஐஇஎல்டிஎஸ் கட்டுரை என்று பலரின் ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. இந்தச் சொற்களில் வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அர்த்தம் தெரியாதது அல்ல, வேலையின் வரிசை. சொல்லை முதலில் பிடித்துவிட்டு, பிறகு வாக்கியத்தை அதற்குள் திணிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் சொல் கடைசியில்தான் வரும்.

தொடங்குமுன் தேவையானவை

ஒன்று, ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி. அதிலும் மொழி கற்பவர்களுக்கென்று தயாரித்தது: ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், லாங்மேன், கேம்பிரிட்ஜ் இவற்றில் ஏதாவது ஒன்று. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆங்கிலம்–தமிழ் அகராதி அர்த்தத்தைச் சொல்லும். சொல்லுக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்பதைச் சொல்லாது. நம் ஆட்கள் தடுக்கி விழுவது அந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

இரண்டு, பள்ளியில் படித்த ஒரு பழைய பாடம்: செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை. ‘எதை?’ என்ற கேள்வியை வினை ஏற்குமா ஏற்காதா என்று பார்ப்பது. ஏற்பது குன்றா வினை, ஏற்காதது குன்றிய வினை. ஆங்கில அகராதியில் முன்னது டிரான்சிட்டிவ், பின்னது இன்டிரான்சிட்டிவ் என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தச் சிறிய குறிப்பை எல்லோரும் தாண்டிப் போவார்கள். இந்த வேலையில் அர்த்தத்துக்கு முன்னால் அதைத்தான் படிக்க வேண்டும்.

1. இரண்டு பக்கத்தையும் தமிழில் எழுதுங்கள்

எது எதை மிஞ்சுகிறது? இரண்டு பெயரையும் தாளில் எழுதுங்கள். ‘நகர வாழ்க்கையில் வசதிகள் அதிகம்’ என்ற வாக்கியத்தில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. எதைவிட அதிகம் என்று சொல்லவில்லை. தமிழ் அதைப் பொறுத்துக்கொள்ளும், கேட்பவர் ஊகித்துக்கொள்வார். அவுட்வெய், அவுட்நம்பர் போன்ற ஆங்கிலச் சொற்கள் பொறுத்துக்கொள்ளாது. ‘தி அட்வான்டேஜஸ் அவுட்வெய்’ என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கும்.

இரண்டாம் பக்கம் உண்மையிலேயே இல்லையென்றால் இந்தக் குடும்பத்துச் சொல்லே வேண்டாம். ‘தேர் ஆர் மெனி அட்வான்டேஜஸ்’ என்று எளிமையாக எழுதிவிட்டுப் போகலாம்.

2. மோதல் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

முழு வேலையும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. ஆகவே அவசரப்பட வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே நடப்பது என்ன?

காரணங்களை நிறுத்துப் பார்க்கிறீர்களா? இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் ஆபத்து என்று. அது அவுட்வெய். தலைகளை எண்ணுகிறீர்களா? அவுட்நம்பர். ஒரே அலகில் உள்ள இரண்டு தொகைகளா, ரூபாய்க்கு ரூபாய், லிட்டருக்கு லிட்டர்? எக்ஸீட். முரண்படும் இரண்டு விதிகளில் எது செல்லும் என்கிறீர்களா? ப்ரிவெய்ல் அல்லது ஓவர்ரைட் (override). ஒருவர் இன்னொருவரையோ ஒரு களத்தையோ தன் பிடியில் வைத்திருக்கிறாரா? டாமினேட். ஒரு கலவையில் ஏதோ ஒன்று தூக்கலாகத் தெரிகிறதா? ப்ரிடாமினேட்.

அதிகம் குழம்புவது அவுட்வெய்க்கும் எக்ஸீடுக்கும் இடையில். ‘எங்கள் செலவு வருமானத்தை மிஞ்சிவிட்டது’ என்பதற்கு அவுட்வெய் போடுகிறார்கள். இரண்டும் ரூபாய், கழித்துப் பார்த்தால் விடை வந்துவிடும், நிறுத்துப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ‘அவர் எக்ஸ்பென்சஸ் எக்ஸீட் அவர் இன்கம்’ என்பதே சரி. அவுட்வெய் தன் முழு வேலையைச் செய்வது ஒரே அலகில் அளக்க முடியாத இரண்டை எதிரெதிரே வைக்கும்போதுதான்: பணத்துக்கு எதிரே நிம்மதி, வசதிக்கு எதிரே ஆபத்து. அங்கே கணக்கு போட முடியாது, தீர்ப்புதான் சொல்ல முடியும். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் சொல் அது. விதிவிலக்கு ஒன்று உண்டு. நேரடியான உடல் எடை என்றால், ஒரு குத்துச்சண்டை வீரர் மற்றவரைவிட ஐந்து கிலோ அதிகம் என்றால், அங்கேயும் அவுட்வெய் தாராளமாக வரும்.

3. அவுட்வெய்: தராசைச் சரியாகப் பிடிப்பது

முதலில் எழுத்து. கடைசியில் ‘ஜி’, ‘எச்’ இரண்டும் வரும், ஒலிக்காது. அதன் பின்னால் ‘டி’ கிடையாது. எடையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லான வெயிட் மனதில் இருப்பதால் ‘அவுட்வெயிட்’ என்று எழுதுபவர்கள் ஏராளம். அது பிழை. இறந்த காலத்துக்கு வழக்கமான ‘ஈடி’ சேர்த்தால் போதும்.

அடுத்தது சட்டகம், அதாவது சொல்லுக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்பது. இது குன்றா வினை. மிஞ்சப்படும் பொருள் நேராகப் பின்னால் வரும், நடுவில் எதுவும் வராது. ‘தி பெனிஃபிட்ஸ் அவுட்வெய் தி ரிஸ்க்ஸ்.’ அவ்வளவுதான். நம் தலையில் ‘ஆபத்துகளைவிட’ என்ற ‘விட’ ஓடிக்கொண்டிருப்பதால் ‘அவுட்வெய் தேன் தி ரிஸ்க்ஸ்’ என்று எழுதத் தோன்றும். ‘ஆபத்துகளுக்கு மேல்’ என்று யோசிப்பவர்கள் ‘அவுட்வெய் ஓவர்’ என்பார்கள். இரண்டுமே தவறு. ‘விட’ என்ற பொருள் அந்தச் சொல்லின் தலையில் இருக்கும் ‘அவுட்’டிலேயே அடங்கிவிட்டது, இன்னொரு முறை சொல்லத் தேவையில்லை.

அதே காரணத்தால் ‘மோர் அவுட்வெய்’ என்பதும் கூடாது. ஒப்பீட்டுக்கு மேல் ஒப்பீடு ஏறிவிடும்.

தொடர் நிகழ்காலத்திலும் இது அநேகமாக வராது. ‘ஆர் அவுட்வெய்யிங்’ என்று பார்த்தால் உடனே சாதா நிகழ்காலத்துக்கு மாற்றுங்கள். நிறுத்து முடித்த முடிவை இது சொல்கிறது, நடந்துகொண்டிருக்கும் செயலை அல்ல.

செயப்பாட்டு வினையில் நன்றாக அமரும். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களின் சாட்சிய விதிகளில் 403-ஆம் விதி இதற்குப் பேர்போன உதாரணம். ஒரு சாட்சியத்தின் நிரூபிக்கும் மதிப்பு, அது உண்டாக்கும் நியாயமற்ற பாதகத்தின் ஆபத்தால் ‘சப்ஸ்டான்ஷியலி அவுட்வெய்ட் பை’ என்ற நிலைக்குப் போனால், தொடர்புள்ள சாட்சியமாகவே இருந்தாலும் நீதிமன்றம் அதை ஒதுக்கலாம். அங்கே ‘சப்ஸ்டான்ஷியலி’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள். ஆபத்து லேசாக மிஞ்சினால் போதாது, கணிசமாக மிஞ்ச வேண்டும். இந்தச் சொல்லை மொழிபெயர்ப்பவர்கள் அந்த அடைமொழியை விட்டுவிட்டால் விதியே மாறிவிடும்.

மருந்து உலகிலும் இதே சட்டகம்தான். 2021 மார்ச்சில் அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசிக்கும் அரிதான ரத்த உறைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, ஐரோப்பிய மருந்து முகமை சொன்னது பலன்கள் இன்னும் ஆபத்துகளை ‘அவுட்வெய்’ செய்கின்றன என்பது. ஆபத்து இல்லை என்று அது சொல்லவில்லை. தராசின் மறுதட்டில் ஆபத்து இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்தச் சொல்லையே பயன்படுத்த முடியும். தமிழாக்கத்தில் ‘தடுப்பூசி பாதுகாப்பானது’ என்று சுருக்கினால் மறுதட்டையே தூக்கி எறிந்ததாகும்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. எழுத்துத் தேர்வின் இரண்டாம் பணியில், அனுகூலங்கள் பிரதிகூலங்களை அவுட்வெய் செய்கின்றனவா என்ற கேள்வி அடிக்கடி வரும் வகை. பயிற்சிக்கு வருபவர்கள் இரண்டு அனுகூலம், இரண்டு பிரதிகூலம் எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘ஆகவே அவுட்வெய் செய்கின்றன’ என்று முடித்துவிடுகிறார்கள். கேட்டது பட்டியல் அல்ல, எடை. இரண்டு பிரதிகூலத்தை ஒரே ஒரு அனுகூலம் மிஞ்சலாம். ஏன் மிஞ்சுகிறது என்பதுதான் விடை. அதை முதல் பத்தியிலேயே முடிவு செய்துகொண்டு எழுத ஆரம்பியுங்கள். நாற்பது நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டிய இடத்தில், நடுவில் கட்சி மாற நேரம் இருக்காது.

4. ‘அவுட்’ குடும்பத்தின் மற்றவர்கள்

அவுட்வெய்யின் சட்டகம் பிடிபட்டுவிட்டால் மீதிப் பேர் எளிது. அவுட்நம்பர், அவுட்லிவ், அவுட்செல், அவுட்பெர்ஃபார்ம், அவுட்வோட், அவுட்ராங்க் எல்லாமே பொருளை நேராக ஏற்பவை, ‘தேன்’ வராது. மிஞ்சும் அளவைச் சொல்ல ‘பை’ வரும்.

கவனிக்க வேண்டியது இறந்த காலம். உள்ளே இருக்கும் வினை எப்படி மாறுமோ அப்படியே மாறும்: அவுட்டூ என்பது அவுட்டிட், அவுட்ரன் என்பது அவுட்ரான், அவுட்செல் என்பது அவுட்சோல்ட். ‘அவுட்செல்ட்’ என்று ஒன்று கிடையாது.

5. ப்ரிவெய்ல்: எது செல்லும் என்று சொல்வது

இது குன்றிய வினை. ‘எதை’ என்ற கேள்வியை ஏற்காது. தனியாக நின்றால் போதும்: ‘காமன் சென்ஸ் ப்ரிவெய்ல்ட்.’ எதிர்ப்பக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ‘ஓவர்’ அல்லது ‘அகெயின்ஸ்ட்’ வேண்டும். அவுட்வெய்யில் ‘ஓவர்’ கூடாது, இதில் ‘ஓவர்’ இல்லாமல் கூடாது. பலர் இரண்டையும் நேர்மாறாகப் போடுவார்கள். ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் போதும்: ‘அவுட்’ என்று தொடங்கினால் ‘ஓவர்’ தேவைப்படாது.

சட்ட எழுத்தில் இதன் இடம் அசைக்க முடியாதது. இந்திய அரசியலமைப்பின் 254-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் நாடாளுமன்றச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டம் ‘ஷேல் ப்ரிவெய்ல்’. மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் ‘ப்ரிவெய்ல்’ ஆகும் என்கிறது. தமிழ்நாட்டுச் சட்டங்கள் சில குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது ஏன் செய்தியாகிறது என்பதற்கு விடை இந்த வினைச்சொல்லில் இருக்கிறது. 2017-இல் ஜல்லிக்கட்டுக்கான திருத்தச் சட்டத்துக்கு அந்த ஒப்புதல் கிடைத்தது.

இந்தப் பிரிவில் ‘டாமினேட்’ என்று போட்டுப் பாருங்கள். மத்தியச் சட்டம் மாநிலச் சட்டத்தை அடக்கி ஆள்கிறது என்று அரசியல் மேடைப் பேச்சாகிவிடும். ப்ரிவெய்ல் அப்படி எதுவும் சொல்லவில்லை. மோதல் வந்தால் எது செல்லும் என்று மட்டும் சொல்கிறது. மோதல் வராத வரை இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும்.

இருமொழி ஒப்பந்தங்களிலும் இதே சொல்தான். தமிழ், ஆங்கிலப் பிரதிகளுக்கு இடையே வேறுபாடு இருந்தால் ஆங்கிலப் பிரதி ‘ஷேல் ப்ரிவெய்ல்’ என்று ஒரு வரி இருக்கும். ஒப்பந்தம் தயாரிப்பவர்கள் அந்த வரியைச் சேர்க்காமல் விடுவதுதான் நான் பார்க்கும் பெரிய ஓட்டை. எழுதினால்கூட ‘வில் பி ப்ரிவெய்ல்ட்’ என்று செயப்பாட்டில் எழுதுவார்கள். குன்றிய வினைக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது. அழித்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதன் அர்த்தமே வேறு. ‘ப்ரிவெய்ல் அபான்’ என்றால் ஒருவரை எப்படியோ பேசிச் சம்மதிக்க வைப்பது. ‘ஷீ வாஸ் ப்ரிவெய்ல்ட் அபான் டு ஸ்டே’ என்றால் வற்புறுத்தி இருக்க வைத்தார்கள் என்று பொருள். தோற்கடித்தார்கள் என்று அல்ல. ‘ஓவர்’ போட வேண்டிய இடத்தில் ‘அபான்’ போட்டால் மேலே சொன்ன சட்டம் இன்னொரு சட்டத்தைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்துவிடும்.

இதன் கிளைகள் இரண்டு. ப்ரிவெய்லிங் என்பது ஓரிடத்தில் இப்போது நடப்பில் உள்ளது அல்லது மேலோங்கியிருப்பது: ப்ரிவெய்லிங் விண்ட் என்றால் ஓரிடத்தில் பெரும்பாலும் வீசும் திசைக்காற்று. விமான ஓடுபாதையை அதைப் பார்த்துத்தான் அமைப்பார்கள். ப்ரிவலென்ட் என்பது பரவலாக இருப்பது. போட்டியோ வெற்றியோ அதில் இல்லை. ஒரு நோய் ஒரு மாவட்டத்தில் ப்ரிவலென்ட் என்றால் அங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது என்று அர்த்தம். மற்ற நோய்களை வென்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

6. ஓவர்ரைட், ஓவர்ரூல், சூப்பர்சீட்

மூன்றும் குன்றா வினை, மூன்றும் அதிகாரத்தைப் பற்றியவை. வேறுபாடு, கீழே விழுந்தது என்ன ஆகிறது என்பதில்.

ஓவர்ரைட் ஆனது அழிவதில்லை, இந்த இடத்தில் மட்டும் வேலை செய்யாமல் போகிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 238-ஆம் பிரிவு, மற்றச் சட்டங்களைத் தான் ஓவர்ரைட் செய்வதாகத் தலைப்பிலேயே சொல்கிறது. மற்றச் சட்டங்கள் நூலில் அப்படியே இருக்கின்றன. அமெரிக்க அதிபரின் வீட்டோவை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் ஓவர்ரைட் செய்யலாம். மென்பொருள்காரர்களுக்கு இது தெரிந்த கதை: தாய் கிளாஸின் மெத்தட் அங்கேயேதான் இருக்கும், பிள்ளை கிளாஸில் மட்டும் வேறு நடக்கும். ஒரே பெயரில் பல மெத்தட் வைக்கும் ஓவர்லோடிங் இதிலிருந்து வேறு. நேர்காணலில் இரண்டையும் மாற்றிச் சொல்பவர்கள் இன்னமும் வருகிறார்கள்.

ஓவர்ரூல் என்பது மேலே உள்ளவர் கீழே உள்ள முடிவைத் தள்ளுபடி செய்வது. நீதிபதி ஆட்சேபணையை ஓவர்ரூல் செய்வார்; மேல் நீதிமன்றம் பழைய முன்னுதாரணத்தை ஓவர்ரூல் செய்யும். சூப்பர்சீட் ஆனால் பழையது காலாவதி, புதியது அதன் இடத்தில். புதிய சுற்றறிக்கை பழையதைச் சூப்பர்சீட் செய்யும். எழுத்துக்கூட்டும்போது நடுவில் ‘எஸ்’, ‘சி’ அல்ல. அலுவலகச் சுற்றறிக்கைகளிலேயே ‘சி’ போட்டு வருவதைப் பார்க்கலாம்.

ஓவர்ரைடின் இறந்த காலம் ஓவர்ரோட், பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் வடிவம் ஓவர்ரிடன். ‘ஓவர்ரைடெட்’ என்று எழுதாதீர்கள்.

7. டாமினேட்: பேச்சுத்தமிழில் இருந்து கழற்றி எடுப்பது

இது எல்லாவற்றையும்விடக் கடினம். காரணம், இந்தச் சொல் ஏற்கெனவே நம் பேச்சில் குடியேறிவிட்டது. ‘அவன் ரொம்ப டாமினேட் பண்றான்’ என்றால் மற்றவரைப் பேச விடாமல் தன் இஷ்டப்படி ஆட்டி வைக்கிறான் என்று பொருள்; அதில் புகார் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் புகாரைச் சொல்லும் சொற்கள் டாமினியரிங், பாஸி. ‘ஹி டாமினேட்ஸ்’ என்று மட்டும் எழுதினால், எதில் என்று கேட்பார்கள். ஆட்டத்திலா, சந்தையிலா? அது பாராட்டாகவும் போகலாம். ஒரு டென்னிஸ் வீரர் அரையிறுதியை டாமினேட் செய்தார் என்றால் பிரமாதமாக ஆடினார் என்றுதான் அர்த்தம்.

டாமினேட் பெரும்பாலும் பொருளை நேராக ஏற்கும். ‘டாமினேட் ஓவர்’ என்பது அங்கங்கே கண்ணில் படும். நல்ல பதிப்பாசிரியர் ‘ஓவர்’-ஐ வெட்டிவிடுவார். நீங்களே வெட்டிவிடுங்கள்.

அதிகாரம் சேராத பயன்பாடும் உண்டு. ‘தி ராக் ஃபோர்ட் டாமினேட்ஸ் திருச்சி’ என்றால் மலைக்கோட்டை திருச்சியை ஆள்கிறது என்று பொருளல்ல. எங்கிருந்து பார்த்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது என்று பொருள். 83 மீட்டர்தான் உயரம், ஆனால் சுற்றிலும் சமதளம். இந்தப் பயன்பாட்டைத் தமிழாக்கும்போது ‘ஆதிக்கம் செலுத்துகிறது’ என்று எழுதாதீர்கள், சிரிப்பு வரும். ‘ஊருக்கே மேலாக எழுந்து நிற்கிறது’ போன்று ஏதாவது போதும்.

‘தி கமிட்டி இஸ் டாமினேட்டட் பை மென்’ என்ற வாக்கியத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆண்கள் எண்ணிக்கையில் அதிகமா, இல்லை குறைவாக இருந்தும் முடிவெல்லாம் அவர்களுடையதா? இரண்டுக்கும் இடம் தருகிறது. அறிக்கையில் எண்ணிக்கையைச் சொல்ல வந்தால் அவுட்நம்பர் போடுங்கள். பிடியைச் சொல்ல வந்தால் யார் முடிவெடுக்கிறார்கள் என்று எழுதிவிடுங்கள்.

பெயர்ச்சொற்கள் இரண்டு: டாமினன்ஸ், டாமினேஷன். முன்னது ஒரு நிலை, பின்னது அடக்கி ஆளும் செயல். சந்தை, விளையாட்டு, விலங்குக் கூட்டம் பற்றியெல்லாம் டாமினன்ஸ் சாதாரணமாக வரும். டாமினேஷனில் கசப்பு உண்டு. காலனி ஆட்சியைப் பற்றி எழுதும்போது டாமினேஷன் சரி. உங்கள் நிறுவனத்தின் சந்தை நிலையைப் பற்றி ஆண்டறிக்கையில் டாமினேஷன் என்று எழுதினால் சட்டப் பிரிவிலிருந்து போன் வரும்.

உண்மையில் வரத்தான் வேண்டும். இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் நான்காம் பிரிவு தடை செய்வது டாமினன்ட் பொசிஷனை அல்ல, அதைத் தவறாகப் பயன்படுத்துவதை. பெரிதாக இருப்பது குற்றமில்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததும் ஆண்ட்ராய்டு விஷயத்தில் அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகவே. இந்தச் செய்தியை ‘ஆதிக்கத்துக்கு அபராதம்’ என்று தலைப்பிடுபவர்கள் சட்டத்தின் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மரபியலில் டாமினன்ட் முழுக்க வேறு. மெண்டலின் பட்டாணிச் செடிகளில் உருண்டை விதை டாமினன்ட், சுருங்கிய விதை ரெசசிவ். இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை, கிட்டத்தட்ட 3:1. இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் டாமினன்ட் என்றால் பெரும்பான்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அந்தக் கலப்பினச் சோதனையின் விகிதம், மக்கள்தொகை விகிதம் அல்ல. ஹன்டிங்டன் என்ற மூளை நோய்க்கான மரபணு டாமினன்ட், ஆனால் நோய் அரிது. ஓ ரத்த வகை ரெசசிவ், ஆனால் உலகில் மிகச் சாதாரணம். ஒரு ஜோடியில் எதன் விளைவு வெளியே தெரிகிறது என்பதை மட்டுமே இந்தச் சொல் சொல்கிறது.

8. ப்ரிடாமினேட், ப்ரிபாண்டரன்ஸ்

ப்ரிடாமினேட் குன்றிய வினை. கலவையில், கூட்டத்தில், வண்ணத்தில் ஏதோ ஒன்று தூக்கலாக இருப்பது. ரசத்தில் புளிப்பு ப்ரிடாமினேட் ஆகலாம், டாமினேட் ஆகாமலும் இருக்கலாம். பொருளை நேராக இதன் பின்னால் வைக்காதீர்கள். எதிர்ப்பக்கம் வேண்டுமானால் ‘ஓவர்’. உரிச்சொல் ப்ரிடாமினன்ட், வினையடை ப்ரிடாமினன்ட்லி. ‘ப்ரிடாமினேட்லி’ என்ற வடிவமும் அகராதியில் இருக்கிறது, ஆனால் பார்ப்பவர் பிழை என்று நினைக்கக்கூடிய சொல்லை எதற்குப் போட வேண்டும்?

ப்ரிபாண்டரன்ஸ் என்றால் எடை ஒரு பக்கம் கூடியிருப்பது. அதை அன்றாட எழுத்தில் தொடவே வேண்டாம். நீதிமன்றத்தில் மட்டும் அதற்கு வேலை. சிவில் வழக்குகளில் எவ்வளவு நிரூபித்தால் போதும் என்பதற்கு அமெரிக்காவில் ப்ரிபாண்டரன்ஸ் ஆஃப் தி எவிடன்ஸ் என்றும், இங்கிலாந்தில் பேலன்ஸ் ஆஃப் ப்ராபபிலிட்டீஸ் என்றும் சொல்வார்கள். நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் ப்ரிபாண்டரன்ஸ் ஆஃப் ப்ராபபிலிட்டீஸ் என்று வரும். மூன்றுமே சொல்வது, நடக்காமல் இருந்திருப்பதைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவு. சாட்சிகளின் எண்ணிக்கை அல்ல. பத்து சாட்சிகளைவிட ஒருவர் அதிகம் நம்பத்தக்கவராக இருந்தால் எடை அவர் பக்கம்தான்.

9. எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்லுங்கள்

சொல்லும் சட்டகமும் சரியான பிறகுதான் அடைமொழி. முன்பே போட்டால் அடைமொழிக்காக வினையை மாற்ற ஆரம்பிப்பீர்கள். அவுட்வெய்க்கு ‘ஃபார்’, ‘க்ளியர்லி’, ‘சப்ஸ்டான்ஷியலி’ பொருந்தும், ‘வெரி’ பொருந்தாது. ‘வெரி மச் அவுட்வெய்’ என்று எழுதுவது தமிழின் ‘ரொம்பவே’யை அப்படியே தூக்கி வைப்பது. அவுட்நம்பருக்கு விகிதம் கொடுங்கள்: ‘பை த்ரீ டு ஒன்.’ ப்ரிவெய்லுக்குச் சட்ட எழுத்தில் அடைமொழியே வேண்டாம். ஒரு விதி செல்லும் அல்லது செல்லாது. கணிசமாகச் செல்வது என்று ஒன்றில்லை.

10. ஒரு பத்தியை வைத்துச் செய்து பார்ப்பது

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் சொல்ல வந்தது: ‘இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் சொந்தக்காரர்களைவிட அதிகம். ஆனால் கூட்டங்களில் சொந்தக்காரர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. சங்க விதிக்கும் மாநிலச் சட்டத்துக்கும் முரண் வந்தால் சட்டமே செல்லும். லிஃப்டை மாற்றுவதில் செலவைவிட நன்மை பெரிது. ஆனால் வந்திருக்கும் கொட்டேஷன் நம் கையிருப்பைத் தாண்டுகிறது.’

முதல் வரைவு வழக்கமாக இப்படி வரும்: டெனன்ட்ஸ் ‘ஆர் அவுட்வெய்யிங் தேன்’ ஓனர்ஸ், ஓனர்ஸ் ‘டாமினேட் ஓவர்’ மீட்டிங்ஸ், ஸ்டேட் லா ‘டாமினேட்ஸ்’ பைலாஸ், பெனிஃபிட்ஸ் ‘ஆர் மோர் அவுட்வெய்’, கொட்டேஷன் ‘அவுட்வெய்ஸ்’ ஃபண்ட்ஸ்.

இப்போது வரிசையாக. முதல் வாக்கியத்தில் எண்ணுவது தலைகளை. ஆகவே ‘டெனன்ட்ஸ் அவுட்நம்பர் ஓனர்ஸ்’. தொடர் நிகழ்காலமும் ‘தேன்’-உம் போய்விட்டன. இரண்டாவதில் இருப்பது பிடி. டாமினேட் சரியான சொல்தான், ‘ஓவர்’ மட்டும் போக வேண்டும்: ‘ஓனர்ஸ் டாமினேட் தி மீட்டிங்ஸ்.’ அண்டை வீட்டாரைச் சீண்ட வேண்டாம் என்றால், முடிவுகளைப் பெரும்பாலும் சொந்தக்காரர்களே எடுக்கிறார்கள் என்று எழுதலாம். கடிதத்துக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். மூன்றாவது, இரண்டு விதிகளின் மோதல்: ‘ஸ்டேட் லா ப்ரிவெய்ல்ஸ் ஓவர் தி பைலாஸ்.’ இதில் ‘ஓவர்’ இருந்தே ஆக வேண்டும்.

நான்காவதில் ஒரு தட்டில் ரூபாய், மறுதட்டில் வயதானவர்கள் நிம்மதியாக மேலே ஏறுவது. பொது அலகு இல்லை. ‘தி பெனிஃபிட்ஸ் க்ளியர்லி அவுட்வெய் தி காஸ்ட்.’ ஐந்தாவதில் இரண்டு பக்கமும் ரூபாய், கழித்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்: ‘தி கொட்டேஷன் எக்ஸீட்ஸ் அவர் ஃபண்ட்ஸ்’ என்று எழுதி, குறையும் தொகையைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கூட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.